x மாமியாரை நோக்கிச் செல்லும்போது

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்குள் அச்சாகியிருந்த வரி இது:

x → மாமியார் எனில், f(x) → 0.

ஓரத்தில் அதே சிவப்பு மையில், சாய்ந்த அழகான கையெழுத்தில் ஒரு கேள்வி: "யாருடைய மாமியார்?"

முதலாளி அந்தத் தாளை மேசைமேல் திருப்பி வைத்து, விரலால் தட்டினார்.

"என்னய்யா இது?"

"புரூஃப் சார்."

"அது தெரியுது. கணக்குப் புத்தகத்துக்குள்ள மாமியார் எப்படிய்யா வந்தாங்க?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரை அந்த அச்சகத்தில் எல்லாரும் 'குறுக்குவழி' என்றுதான் கூப்பிடுவார்கள். கணினியில் பக்கம் கோக்கிறவர். பஸ் நிறுத்தத்திலிருந்து அச்சகத்துக்கு ஐந்து நிமிட நடை. அதை மிச்சப்படுத்த, பின்பக்கக் காகிதக் கிடங்கின் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து உள்ளே வருவார். ஒரு தடவை ஜன்னலில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் தொங்கினார். ஆனாலும் மறுநாள் அதே ஜன்னல்தான். மனிதருக்கு வயது நாற்பத்தைந்து ஆவதால் நாம் மரியாதையாகக் குறுக்குவழியார் என்றே சொல்வோம்.

போன வருடம் வரைக்கும் அவருக்கு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைக் கோக்கிற வேலை. கடுகளவு எழுத்தில், வாந்தி வரலாம், மயக்கம் வரலாம், அரிப்பு வரலாம் என்று பத்து வருடம் அடித்தார். ஒருவரும் படிக்காத எழுத்து. அதிலிருந்து அவரைத் தூக்கி எடுத்தது இந்தப் புத்தகம்தான். பேராசிரியர் ஒருவர் தமிழில் எழுதிய உயர்கணிதம், நானூற்று எண்பது பக்கம், முதல் பாகம். ஜன்னலோர இருக்கை, பெரிய திரை, பெரிய எழுத்து. கணக்கு அவருக்குப் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது. இரண்டாம் பாகமும் தனக்கே வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் அப்போது வேறு ஆசை கிடையாது.

"அது வந்து சார், ஒரு சின்ன ஏற்பாடு," என்றார்.

ஏற்பாடு இதுதான். கணிதக் குறி ஒன்றைப் போட வேண்டுமானால், தமிழ் விசைப்பலகையிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவி, குறியின் நீளமான பெயரை அடித்து, மறுபடி தமிழுக்குத் தாவ வேண்டும். ஒரு பக்கத்துக்கு முப்பது தாவல். முதல் மாதத்திலேயே மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்தது: நமக்கு வேண்டிய சொல்லை ஒரு பட்டியலில் எழுதி, இதை அடித்தால் இந்தக் குறி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் 'கக', 'பப' என்று வைத்துப் பார்த்தார். எது எதற்கு என்பது மறுநாளே மறந்துபோனது. மறக்கவே முடியாத சொற்களாக இருந்தால் தேவலை என்று யோசித்தார். குடும்பம் நினைவுக்கு வந்தது.

முடிவிலிக்கு 'மாமியார்'. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. சமமில்லை என்ற குறிக்கு 'சகலை'. அவருக்கும் சகலைக்கும் எதிலும் சமம் இல்லை என்பதை ஒவ்வொரு குடும்பக் கூட்டத்திலும் சகலையே நிரூபித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுக்கணத்துக்கு 'மாமனார்'. அந்த வீட்டில் அவர் வாய் திறந்து இவர் கேட்டதில்லை. 'ஆகவே' என்ற முக்கோணப் புள்ளிக்கு 'வீட்டுக்காரி', ஏனென்றால் முடிவு எல்லாம் அவள் சொல்வதுதான்.

கை தானாக ஓடியது. ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போனது பன்னிரண்டாக ஏறியது. ஏழாம் அத்தியாயத்தில் மட்டும், அந்தப் பட்டியலை இணைக்க மறந்துபோனார். அதனால் குறிகள் வரவில்லை. குடும்பம் அப்படியே அச்சாகிவிட்டது.

முதலாளி அடுத்த பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "எஃப் ஆஃப் எக்ஸ் சகலை பூஜ்யம். வீட்டுக்காரி எக்ஸ் மாமியாரை நோக்கிப் போகும்." நிமிர்ந்தார். "இதுக்கு ஓரத்துல என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'இந்தச் சகலை எங்கிருந்து வந்தார்?'"

"மாமனாருக்கு என்ன எழுதியிருக்கார் சார்?"

முதலாளி தேடினார். தீர்வுக் கணம் = மாமனார் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "பாவம்."

"திங்கட்கிழமை ப்ரொஃபசரோட டிரைவர் வருவார். சரி பண்ணிக் குடு," என்றார் முதலாளி. "இன்னொரு தடவை இப்படி வந்துச்சு, ரெண்டாம் பாகம் வேற ஆளுக்குப் போயிடும். நீ பழையபடி வாந்தி மயக்கம்தான்."

குறுக்குவழியார் தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் புத்தக அட்டைகள் வரைகிற அக்கா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அட்டை அக்காவுக்கு ஒரு சங்கதியை இரண்டாவது தடவை சொல்ல வேண்டிய அவசியமே வராது.

"தம்பி, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டு வெச்சுக்கோ. நட்சத்திரம் இருந்தா குறி, இல்லேன்னா சும்மா சொல்லு. கையேட்டுலயே போட்டிருக்கான்."

"ரெண்டாயிரத்து நூறு இடத்துல போய் நட்சத்திரம் குத்தச் சொல்றீங்களா? கணக்குப் புத்தகத்துல மாமியாருக்கு என்னக்கா வேலை? குறி தவிர வேற எங்கயும் அந்த வார்த்தை வரவே வராது."

அவருக்கு வேறு யோசனை. அத்தியாயம் அத்தியாயமாகப் பட்டியலை இணைப்பதால்தானே மறதி வருகிறது? புத்தகம் முழுவதற்கும் பொதுவான தலைக்கோப்பில் ஒரே தடவை இணைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது. ஒரு நிமிட வேலை. ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தார். மாமியார் இருந்த இடமெல்லாம் எட்டைப் படுக்கவைத்த மாதிரி முடிவிலி சமத்தாகப் படுத்திருந்தது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் வலித்ததோ அந்த இடத்தை மட்டும்தான் தடவிப் பார்ப்பார். மற்ற பக்கங்களைப் பார்க்காமல் கட்டி வைத்துவிட்டார்.

திங்களன்று பேராசிரியரின் டிரைவர் வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். புரூஃப் கட்டை வாங்கிக்கொண்டு போய், புதன்கிழமை திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

இந்தத் தடவை வட்டம் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. அந்த அத்தியாயத்தை, குறுக்குவழியார் புத்தகத்தை ஏற்பதற்கு முன்னால், அட்டை அக்காதான் அடித்திருந்தாள். அதில் வயதுக் கணக்கு ஒன்று. இப்போது அது இப்படி இருந்தது:

ஒரு வீட்டில் ∞, ∅, மருமகள் ஆகிய மூவரின் வயதுகளின் கூட்டுத்தொகை 150. ∞ மருமகளைவிட 27 வயதும், ∅ மருமகளைவிட 33 வயதும் மூத்தவர்கள் எனில், ஒவ்வொருவரின் வயது என்ன?

ஓரத்தில்: "இந்த வீட்டின் கூட்டுத்தொகை 150க்குள் அடங்காது."

"அக்கா! இந்தக் கணக்குல மாமியார் இருக்காங்கன்னு ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? 'கணக்குப் புத்தகத்துல மாமியாருக்கு என்ன வேலை'ன்னு நீயே கேள்வி, நீயே பதில். நான் அட்டை வரையப் போயிட்டேன்."

முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வருவதற்குள் சரி செய்தாக வேண்டும். டிரைவர் வாசலில் நின்றார்.

"டிரைவர் சார், அஞ்சு நிமிஷம். வீட்டுல கோபமா இருக்காங்களா?"

"தெரியலை சார். உள்ள சத்தமா வாசிக்கிறது கேட்டுச்சு. அப்புறம் ஒரே சிரிப்பு."

எந்த மாதிரிச் சிரிப்பு என்று கேட்கக் குறுக்குவழியாருக்குத் துணிவு வரவில்லை. வயதுக் கணக்கில் இருக்கிற மாமியாரை 'அத்தை' என்று மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. 'மாமியார்' என்பதைத் தேடு, 'அத்தை' என்று மாற்று. ஒவ்வொரு இடமாகக் கேட்கட்டுமா, எல்லாக் கோப்பிலும் மாற்றட்டுமா என்று கணினி மரியாதையாகக் கேட்டது. கேட்டால் நேரமாகும் என்று எல்லாவற்றிலும் மாற்றச் சொன்னார். மாமனாரையும் அப்படியே 'மாமா' ஆக்கினார். மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தார். வீட்டில் அத்தை, மாமா, மருமகள் மூவரும் 150க்குள் ஒற்றுமையாக இருந்தார்கள். நானூற்று எண்பது பக்கத்தையும் அச்சடித்து, சூடு ஆறுவதற்குள் டிரைவர் கையில் கொடுத்தார்.

பட்டியல் வேறு கோப்புறையில் இருந்தது என்பதையும், அதில் 'மாமியார்' மாறாமல் அப்படியே இருந்தாள் என்பதையும் வெள்ளிக்கிழமை டிரைவர் கட்டைத் திரும்பக் கொண்டுவந்தபோதுதான் அவர் தெரிந்துகொண்டார். 'அத்தை' என்றால் என்ன குறி என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே புத்தகத்தில் முடிவிலி வரவேண்டிய இரண்டாயிரத்து நூறு இடங்களிலும் அத்தை உட்கார்ந்திருந்தாள். வயதுக் கணக்கு ஒன்றுதான் சரியாக வந்திருந்தது.

முதல் பக்கத்தின் மேலே சிவப்பு மை: "மாமியார் போய் அத்தை வந்திருக்கிறார். இருவரும் ஒருவரே என்பது எனக்குத் தெரியும். மாணவருக்குத் தெரியாது." கீழே: "இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கோத்தவர் எழுத்தில் விளக்கவும். அதன் பிறகு இரண்டாம் பாகம் பற்றிப் பேசலாம்."

முதலாளி கத்தவில்லை. கத்தாதபோதுதான் அவரைக் கண்டு பயப்பட வேண்டும். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருமல் மருந்துக்கான தாள்கள்.

"திங்கட்கிழமைக்குள்ள புத்தகமும் வரணும், விளக்கமும் வரணும். வரலேன்னா இதைப் பிரிச்சு ஆரம்பிச்சிடு."

அன்றைக்கு மாலை வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி போனை நீட்டினாள்.

"அம்மா. உங்ககிட்ட பேசணுமாம்."

குறுக்குவழியார் வாங்கிக் காதில் வைத்தார். மாமியார் ஆரம்பித்தார். மேல்மாடியில் குழாய் ஒழுகுவது, அதைப் பார்க்க வந்த ஆள் அடுத்த வீட்டுக் குழாயைச் சரி செய்துவிட்டுப் போனது, அடுத்த வீட்டுக்காரியின் கண் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண்ணின் பல் என்று போய்க்கொண்டே இருந்தது. இவர் சட்டை மாற்றினார், முகம் கழுவினார், காபி குடித்தார், எல்லாம் ஒரு கையால். நாற்பது நிமிடம் கழித்து மாமியார் மூச்சு விட்டுக் கேட்டார்:

"கை வலி எப்படி இருக்கு மாப்பிள்ளை? வெந்நீர்ல உப்புப் போட்டு முக்கி வைங்க. ஆபீஸ்ல ரொம்ப அடிக்கச் சொன்னா முடியாதுன்னு சொல்லுங்க. உங்களுக்குச் சொல்லத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் வேணா பேசட்டுமா?"

குறுக்குவழியாருக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. இந்த மனுஷியைப் போய் இரண்டாயிரத்து நூறு இடத்தில் இப்படி வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. நல்லவர், பாசக்காரர், வெகுளி.

"வேணாம் அத்தை, நானே பார்த்துக்கிறேன். வெச்சுடட்டுமா?"

"ஒரு நிமிஷம் இருங்க மாப்பிள்ளை, அந்தப் பல்லு விஷயம் முழுசாச் சொல்லலையே," என்றார் மாமியார். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் போனது. வெட்கமும் கூடவே போய்விட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை முன்வாசல் வழியாகத்தான் போனார். ஒவ்வொரு இடமாகத் தேடி, அத்தையை மறுபடி மாமியாராக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையால் நட்சத்திரம் போட்டார். அட்டை அக்கா துணைக்கு வந்து, பக்கத்தை உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நானூற்று எண்பது பக்கமும் சுத்தமாக இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை நீள வழியில் முடித்த சந்தோஷத்தில் குறுக்குவழியார் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் விளக்கம் எழுதலையே தம்பி," என்றாள் அக்கா. "தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு."

"இல்லக்கா. அந்தச் சிவப்பு மையைப் படிச்சீங்களா? நக்கல் தெரிஞ்ச மனுஷன். கல்யாணம் ஆனவர். மாமனாருக்கு 'பாவம்'னு எழுதியிருக்கார் பாருங்க, அடிபட்டவருக்குத்தான் அந்த வார்த்தை வரும். உண்மையைச் சொன்னா ஆம்பளைக்கு ஆம்பளை புரிஞ்சுக்குவார்."

"எழுத்துல குடுக்காத. எழுத்துல குடுத்தது கைமாறும்."

கேட்டால்தானே. இப்படி எழுதினார்:

"மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு. நடந்த பிழைகள் அனைத்துக்கும் நானே பொறுப்பு. முடிவே இல்லாதது எது என்று யோசித்தபோது, என் மாமியாரைத் தவிர வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் நல்லவர். ஆனால் பேச ஆரம்பித்தால், தங்கள் புத்தகத்தில் உள்ளதுபோல, எவ்வளவு கூட்டினாலும் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்துகொண்டே இருக்கும். எல்லை என்பது அவருக்குத் தெரியாது. தாங்களும் குடும்பஸ்தர். தங்கள் வீட்டிலும் நிலைமை இதுவாகவே இருக்கும் என்று நம்புகிறேன். வெளியே சொல்ல முடியாத இந்தக் கஷ்டத்தைத் தங்களைப் போன்ற ஒருவரிடம் சொல்ல முடிந்ததில் மனம் லேசாகிறது."

திங்களன்று டிரைவர் கட்டையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போனார். செவ்வாய் ஒன்றும் வரவில்லை. புதனும் வரவில்லை. குறுக்குவழியார் இருமல் மருந்துப் பெட்டியை ஒரு தடவை திறந்து, மேலே கிடந்த தாளைப் படித்தார். தூக்கம் வரலாம், வாய் உலரலாம் என்றிருந்தது. வாய் ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டிரைவர் வந்தார். முதலாளி கட்டைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நானூற்று எண்பது பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் சாய்ந்த கையெழுத்து:

"அச்சுக்குப் போகலாம். இரண்டாம் பாகத்தையும் இவரே கோக்க வேண்டும். வேறு ஆள் கூடாது."

முதலாளி இரண்டு தடவை படித்தார். பிறகு இருமல் மருந்துப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேறொரு மேசைமேல் வைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

"கடிதம் திரும்பி வந்திருக்கு தம்பி," என்றாள் அட்டை அக்கா.

வந்திருந்தது, புரூஃப் திருத்துவதுபோலவே திருத்தியும் இருந்தது. 'தங்கள் வீட்டிலும் நிலைமை இதுவாகவே இருக்கும் என்று நம்புகிறேன்' என்ற வரியில், 'இருக்கும் என்று நம்புகிறேன்' என்பதை அடித்துவிட்டு மேலே 'இருக்கிறது' என்று எழுதியிருந்தது. கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பு: "இரண்டாம் பாகத்தில் எப்சிலான் என்ற குறி அடிக்கடி வரும். புரூஃபில் பார்த்த உங்கள் உறவுச் சொற்களில் அதற்கு ஒன்றும் இல்லை. 'மாப்பிள்ளை' என்று வைத்துக்கொள்ளவும்."

"எப்சிலான்னா என்ன தம்பி?"

குறுக்குவழியார் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்துச் சொன்னார். "எவ்வளவு வேணும்னாலும் சின்னதா எடுத்துக்கலாமாம். இருந்தும் இல்லாத மாதிரி."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குறுக்குவழியாருக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. எவ்வளவு பெரிய படிப்பாளி, எவ்வளவு பெரிய பதவி. மாமியார் வீட்டில் தன் மதிப்பு என்ன என்பதை ஒளிக்காமல் ஒரு பக்கம் கோக்கிறவனிடம் சொல்கிறாரே! இப்படிப்பட்ட ஒருவருடைய இரண்டாம் பாகத்தைக் கோக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார். மணிக்கட்டுகூட வலிக்கவில்லை.

வாசலில் ரசீதுக்காகக் காத்துக்கொண்டிருந்த டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவர் சார், உங்க ப்ரொஃபசர் தங்கமான மனுஷன். நான் சொன்னதா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் கடுதாசியைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டாரே, அது ஒண்ணு போதும். என்ன இருந்தாலும் மாமியார்கிட்ட மாட்டினவன் கஷ்டம் இன்னொரு மாப்பிள்ளைக்குத்தானே தெரியும்?"

டிரைவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் சின்னக் குரலில் சொன்னார்:

"ப்ரொஃபசர் எங்க சார் படிச்சார், அவருக்கு ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாசமா கட்டோட படுத்திருக்கார், புரூஃப் பார்க்கிறது, சிவப்பு மையில எழுதுறது, உங்க கடுதாசியை அவருக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினது, எல்லாம் அவரோட மாமியார்தான்."